‘ஸ்லைட்’ என்றால் எவ்வளவு?

காலை நாலரை மணிக்கு நான் வேலைக்கு உட்காரும்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான் இருக்கும். மேசையில் இரண்டு திரை, ஒரு ஹெட்செட், ஆறிக்கொண்டிருக்கும் காபி. வலது திரையில் எங்கள் கம்பெனி ட்ரக்குகள் அமெரிக்கா முழுவதும் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகளாக நின்றிருக்கும். டிரைவர்கள் பாதிப்பேர் அந்தப் புள்ளிகளுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இடது திரையில் வானிலை.

கம்பெனி பெயர் வேண்டாம். நாற்பது சொச்சம் ட்ரக் வைத்திருக்கும் சின்ன நிறுவனம், கேன்சஸ் சிட்டி பக்கம். என் வேலைக்கு டிஸ்பாட்ச்சர் என்று பெயர். எந்த வண்டி எந்த லோடை எடுக்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். அம்மா ஊரில் எல்லாரிடமும் ‘லாரி ஆபீஸ்ல இருக்கான்’ என்று சொல்லிவைத்திருக்கிறார். பெரிய தப்பில்லை.

அந்த நேரத்தில் நான் முதலில் படிப்பது ஒரு குறிப்பு. தேசிய வானிலைச் சேவையின் ஒரு மையம் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் இருக்கிறது. அங்கிருந்து நாளுக்கு இரண்டு முறை, அடுத்த இரண்டு நாளுக்கு நாடு முழுவதற்குமாக எழுதி வெளியிடுவார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத, வெறும் எழுத்து. டிசம்பரில் அதைப் படித்தால் பனி, பனி, இன்னும் கொஞ்சம் பனி. ஜூலையில் படித்தால் ஒரே நாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களா என்று சந்தேகம் வரும். நடுச் சமவெளியில் வெயில் எச்சரிக்கை. அதற்கு வடக்கே மினசோட்டா, அயோவா பக்கம் சூறைக்காற்றோடு இடிமழை. அரிசோனாவில் மான்சூன் மழையும் புழுதிச் சுவரும். (ஆமாம், அங்கேயும் மான்சூன் உண்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.) வடமேற்கில் மழையே இல்லாத இடி: மேகத்திலிருந்து விழும் நீர் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், மின்னல் மட்டும் காய்ந்த காட்டில் இறங்கும். தெற்கே மெக்சிகோ வளைகுடாக் கரையில் நின்ற இடத்தில் நின்று கொட்டும் மழை.

ஐந்து பேர் ஐந்து ஊரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தாலும் பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். நாட்டின் நடுவே, மேலடுக்கில் ஓர் உயர் அழுத்தப் பகுதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அடியில் காற்று கீழ்நோக்கி அமுங்கும். அமுங்கும் காற்று சூடேறும். மேகம் எழும்ப விடாது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. மூடிக்கு அடியில் இருப்பவர்களுக்கு வெக்கை. மூடியின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அடுத்தடுத்து இடிமழை, ஒன்றன் பின் ஒன்றாக அந்த விளிம்பைச் சுற்றி ஓடும். வானிலைக்காரர்கள் இதை ‘நெருப்பு வளையம்’ என்பார்கள். மூடி இருநூறு மைல் நகர்ந்தால் நேற்று வெந்தவன் இன்று நனைவான்.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, அடுத்து ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் முன்னறிவிப்பு மையத்தின் வரைபடத்துக்குப் போவேன். அந்த மையம் 1997 வரை எங்கள் கேன்சஸ் சிட்டியில்தான் இருந்ததாம். உள்ளூர்க்காரர்கள் இன்னும் அதைக் கொஞ்சம் மனத்தாங்கலோடு சொல்வார்கள். வரைபடத்தில் ஐந்து படிகள்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. அடர்பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் மெஜந்தா.

இந்தச் சொற்களில்தான் எனக்குத் தகராறு.

வானிலை படிக்காத யாரையாவது பிடித்து, ‘மாடரேட் பெரிதா, என்ஹான்ஸ்டு பெரிதா?’ என்று கேட்டுப் பாருங்கள். மாடரேட் என்றால் மிதமானது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இங்கே அது ஐந்தில் நான்காவது. அந்த நிறம் உங்கள் ஊர்மேல் இருந்தால் அன்று பிள்ளைகளை எங்கும் அனுப்பக் கூடாது. இதில் இன்னொரு கூத்து, காலேஜ் பார்க் மையம் வெள்ள மழைக்குத் தனியாக ஒரு வரைபடம் போடுகிறது. அதில் நான்கே படிகள், என்ஹான்ஸ்டு கிடையாது. அங்கே மாடரேட் மூன்றாவது. ஒரே சொல், ஒரே சேவை, இரண்டு ஏணி. ‘ஸ்லைட்’ இரண்டிலும் இரண்டாவது படி. கேட்டால் ‘லேசாக’ என்று காதில் விழுகிறது.

வானிலையும் சொற்களும் இந்த நாட்டில் சண்டை போடுவது புதிதல்ல. 1870-இல் ராணுவத்தின் சிக்னல் பிரிவுதான் முதலில் நாடு தழுவிய வானிலைச் சேவையைத் தொடங்கியது. அப்போது வெளியிட்டதற்கு முன்னறிவிப்பு என்று பெயர் வைக்கவில்லை. ‘ப்ராபபிலிட்டீஸ்’, அதாவது சாத்தியங்கள். அதை எழுதிய கிளீவ்லாண்ட் அபியை ஜனங்கள் ‘ஓல்டு ப்ராப்ஸ்’ என்று செல்லமாக அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். நேர்மையான பெயர். அப்புறம் 1880-களில் டொர்னேடோ (சுழல்காற்று) என்ற சொல்லையே முன்னறிவிப்பில் எழுதக் கூடாது என்று தடை வந்தது. பயத்தில் ஜனங்கள் ஓடி, புயலைவிட அதிகமாகச் சேதம் ஆகிவிடும் என்ற நினைப்பு. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து, இன்று சாயங்காலம் டொர்னேடோ வரலாம் என்று அறிவித்தார்கள். வந்தது, அதே தளத்தின்மேல். பொதுமக்களுக்கான அறிவிப்பில் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்லலாம் என்று வானிலைத் துறைத் தலைமை எழுதிக் கொடுத்தது 1950-இல். அறுபது வருடத்துக்கு மேல் ஒரு சொல்லைக் கண்டு பயந்திருக்கிறார்கள்.

இப்போது சொல்லுக்குப் பஞ்சமில்லை. அர்த்தம்தான் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். எங்களிடம் ஒரு பஞ்சாபி டிரைவர் இருக்கிறார், அறுபதை நெருங்கும் வயது. நான் அவரை ‘பாஜி’ (அண்ணா) என்பேன், அவர் என்னை ‘சோட்டே’ (சின்னவனே) என்பார். அன்று அவர் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் லோடை இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு ஓமஹாவுக்கு வர வேண்டும். இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை, நேர்க்கோடு, ஏறத்தாழ 280 மைல். மறுநாள் விடியற்காலை ஓமஹாவில் ஒரு நல்ல லோடு காத்திருந்தது. காலையில் வரைபடம் பார்த்தேன். நெப்ராஸ்காவின் பெரும்பகுதி மஞ்சள், ஸ்லைட். ஜூலையில் சமவெளியில் மஞ்சள் இல்லாத நாள்தான் அபூர்வம். சரி, போகலாம் என்று போட்டுவிட்டேன்.

அந்த மஞ்சளுக்கு என்ன கணக்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். ஒரு புள்ளியைச் சுற்றி 25 மைலுக்குள், மணிக்கு 58 மைலோ அதற்கு மேலோ காற்று அடிக்க 15 சதவீதம் வாய்ப்பு இருந்தால் அந்தப் புள்ளிக்கு மஞ்சள் அடிப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து. பாஸ் மார்க்கில் பாதிகூட இல்லை என்றுதான் மனசு சொல்லும்.

வரைபடத்தை நாளுக்கு ஐந்து முறை புதுப்பிப்பார்கள். மதியம் மூன்று மணி வரைபடத்தில் அவர் போகும் பாதை ஆரஞ்சு ஆகிவிட்டது. நான் பார்க்கவில்லை. டெக்சஸின் லரேடோவில் ஒரு கிடங்கில் எங்கள் வண்டியை ஆறு மணி நேரம் நிறுத்திவைத்திருந்தார்கள், அந்தச் சண்டையில் இருந்தேன். நாலரைக்கு வாட்ச் போட்டார்கள். வாட்ச் என்றால் சமையலுக்குச் சாமான் எல்லாம் வந்துவிட்டது, இன்னும் அடுப்பு பற்றவில்லை என்று அர்த்தம். வார்னிங் என்றால் பற்றிவிட்டது. பாஜி கார்னியில் டீசல் போட நிறுத்தினார். (எழுதுவது கியர்னி மாதிரி இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் கார்னி என்றுதான் சொல்வார்கள்.) டீசல், முகம் கழுவல், மகளுக்கு ஒரு போன், எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். வடமேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த புயல் வரிசை அந்த நாற்பது நிமிடத்தில் அவரைப் பிடித்துவிட்டது.

அவர் போன் அலறவில்லை. இதையும் பிறகுதான் கவனித்தேன். 2021 ஆகஸ்டிலிருந்து, இடிமழை எச்சரிக்கைக்கெல்லாம் கைப்பேசி தானாக அலறுவதில்லை. காற்று 80 மைலோ, ஆலங்கட்டி இரண்டே முக்கால் அங்குலமோ எட்டும் என்று கணித்தால் மட்டுமே அலறும். ஊரில் இருக்கும் வீட்டுக்கு அது சரியான எல்லைதான். எல்லாவற்றுக்கும் அலறினால் ஜனங்கள் அணைத்துவைத்துவிடுவார்கள். ஆனால் காலி டிரெய்லருக்கு 80 மைல் தேவையே இல்லை. சட்டப்படி முழு லோடோடு ஒரு ட்ரக் 80,000 பவுண்டு வரை இருக்கலாம். காலியாக இருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஆனால் 53 அடி நீளப் பக்கச் சுவர் அதே சுவர்தான். சக்கரம் வைத்த பாய்மரம்.

கார்னிக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் நடுவில், கண்ணாடியில் பார்த்தாராம். பின்னால் வானத்தில் ஓர் அலமாரித் தட்டு மாதிரி கறுப்பாக ஒரு விளிம்பு, அதன் அடியில் பச்சை கலந்த வெளிச்சம். அடுத்த எக்ஸிட் நான்கு மைல். எட்டிவிடலாம் என்று நினைத்தார். முதலில் வந்தது மழை அல்ல, புழுதியும் சோளத் தட்டையும். அப்புறம் வண்டியின் இடது பக்கம் ‘யாரோ தோளால் இடித்த மாதிரி’ இருந்ததாம். வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது என்றார். ரொம்ப மெதுவாக, யோசிக்க நேரம் இருந்த அளவுக்கு. வலது பக்கமாகப் புல்சரிவில் படுத்தது. சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர், தலைக்கு மேலே போய்விட்ட தன் பக்கத்து ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தார். காலில் ஒரு செருப்புதான் மிச்சம்.

எனக்கு போன் வந்தபோது பின்னணியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல்.

“சோட்டே, சரக்கு எதுவும் சேதமில்லை.”

காலி வண்டி. அந்த நிலையிலும் மனுஷன் ஜோக் அடிக்கிறார். தோளில் ஊமைக்காயம், வேறொன்றும் இல்லை. நான் அன்று ராத்திரி முழுக்க அந்த மஞ்சள் வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. அந்த 15 சதவீதம் ஒரு புள்ளிக்கு உரியது. ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சோளக்காடு. இருந்த இடத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. பாஜி இருந்த இடத்தில் இருக்கவில்லை. 280 மைல் போகிறவர், 25 மைல் ஆரமுள்ள வட்டங்கள் ஐந்தாறைத் தாண்டுகிறார். அந்த வட்டங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை அல்ல, அதனால் 15-ஐ ஆறால் பெருக்கிவிடவும் முடியாது. ஆனால் அந்த 15 அவருடைய எண்ணும் அல்ல. வரைபடம் புள்ளிக்குப் பேசுகிறது. நான் கோடு போடுகிறவன். அத்தனை வருடமும் வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன்னறிவிப்பு தப்பு என்று சொல்லவில்லை. அவர்கள் சொன்னது நடந்தது. மூன்று மணிக்கு இன்னும் துல்லியமாகவும் சொன்னார்கள். மணிக்கொரு முறை ஓடும் கணினிக் கணிப்பு முறை ஒன்று இருக்கிறது, நாட்டை மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும். அது மத்தியானமே அந்த வரிசையை ஏறக்குறைய அதே இடத்தில் வரைந்து காட்டியிருந்தது. கோடைப் புயலின் குணம் அப்படி. காலையில் பொதுவாகத் தெரியும். எந்த மாவட்டம், எந்த மணி என்பது மத்தியானத்துக்கு மேல்தான் தெளியும். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைப் புரட்டிப்போட்ட டெரேச்சோவும் இப்படித்தான். பொழுது ஏற ஏறத்தான் வரைபடத்தின் நிறத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். அது 14 மணி நேரத்தில் 770 மைல் ஓடியது. சீடர் ராப்பிட்ஸில் காற்று 140 மைலைத் தொட்டிருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். டெரேச்சோ என்றால் ஸ்பானிய மொழியில் நேராக என்று பொருள். சுழலாது, நேராகத் தள்ளிக்கொண்டு போகும். 1888-இல் அந்தப் பெயரை எழுத்தில் வைத்த குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸும் அயோவாக்காரர்தான்.

சமவெளியில் இன்னொரு சங்கடம். இந்தப் புயல்கள் பலவும் ராத்திரியில்தான் வலுக்கும். பொழுது சாய்ந்ததும் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக, வேகமாக வீசத் தொடங்கும். அது புயலுக்குத் தீனி. எங்கள் தொழிலிலோ கோடையில் ராத்திரி ஓட்டம்தான் சௌகரியம். டயர் சூடாகாது, போக்குவரத்து இல்லை. நாங்கள் வெயிலுக்குப் பயந்து வண்டி ஓட்டுகிற நேரமும் புயல் வெளியே வருகிற நேரமும் ஒன்று.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. டிரைவர் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். எதிர்பாராத மோசமான வானிலை என்றால் இரண்டு மணி நேரம் கூடுதல். ஆனால் அது கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்கக் கூடாது, நியாயமாகத் தெரிந்திருக்க வாய்ப்பும் இருக்கக் கூடாது. டிரைவருக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கும். அதாவது எனக்கும். காலையில் நான் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டேன் என்றால், அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு இல்லை. ‘அப்படியானால் பார்க்காதே’ என்று எனக்கு யோசனை சொன்னவர்களும் தொழிலில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

புழுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே, இன்டர்ஸ்டேட் 10-இல், இடிமழையிலிருந்து கீழே கொட்டும் காற்று பாலைவனத்தை வாரிக்கொண்டு வரும். 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய சுவர் ஏறத்தாழ 5,000 அடி உயரம். அதற்குள் மாட்டினால் சாலையை விட்டு இறங்கு, நிறுத்து, எல்லா விளக்கையும் அணை, பிரேக்கிலிருந்து காலை எடு. விளக்கை அணைக்கச் சொன்னால் புது டிரைவர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். பின்னால் வருகிறவன் உன் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி உன்மேலேயே வந்து ஏறுவான், அதனால்தான்.

வெள்ளம் அப்படிக் கடந்துபோகிற விஷயமில்லை. 2025 ஜூலை 4. டெக்சஸில் குவாடலூப் ஆறு, ஹன்ட் என்ற இடத்தில் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. முந்தைய நாள் மத்தியானமே வெள்ள வாட்ச் இருந்தது. இரவு 1:14-க்கு வார்னிங் வந்தது. ஆற்றங்கரை முகாம்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வார வெள்ளத்தில் மத்திய டெக்சஸில் இறந்தவர்கள் 130-க்கும் மேல். எங்கள் வண்டி ஒன்று அன்று ராத்திரி இன்டர்ஸ்டேட் 10-இல் கெர்வில் வழியாகப் போயிருந்தது. மேட்டில் போகும் பெருஞ்சாலை, ஒன்றும் ஆகவில்லை. ‘நல்ல மழை’ என்று மட்டும் டிரைவர் எழுதியிருந்தார். அவர் அந்த மழைக்குள் கடந்துபோன கோடு. அவர்கள் ஆற்றோரம் புள்ளியாக இருந்தார்கள். காலையில் செய்தி பார்த்தபோது என் கணக்கு தலைகீழாகத் திரும்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடி இருந்தால் சின்ன காரைத் தூக்கும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். இதை நான் டிரைவர்களிடம் சொன்னால், ‘இது ட்ரக், கார் இல்லை’ என்பார்கள். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்பேன். அதற்கு மட்டும் பதில் வராது.

கடைசியாக வெயில். வரைபடத்தில் புயலுக்கு இருக்கும் கம்பீரம் வெயிலுக்குக் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் வானிலை கொல்லும் மனிதர்களில், நீண்டகாலச் சராசரியில், முதலிடம் வெயிலுக்குத்தான். டொர்னேடோவுக்கு இல்லை, மின்னலுக்கு இல்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் மட்டும் சில நாட்களில் 700-க்கு மேல் இறந்தார்கள். பலர் மாடி அறைகளில், தனியாக, ஜன்னலை மூடிக்கொண்டு. 2012 ஜூன் 29 டெரேச்சோ இந்தியானாவிலிருந்து வாஷிங்டன் வரை மின்கம்பிகளை அறுத்துப் போட்டுவிட்டுப் போனது. புயல் ஒரே ராத்திரியில் முடிந்தது. கரண்டும் ஏசியும் இல்லாத வெயில் நாட்கணக்கில் இருந்தது. புயலில் தப்பியவர்கள் சிலர் அதில் தப்பவில்லை.

எங்கள் பக்கத்து வெயிலுக்குச் சோளமும் ஒரு காரணம். ஜூலையில் அயோவா, இலினாய் வயல்கள் மூச்சுவிடும் ஈரம் காற்றில் நிற்கும். 90 டிகிரி ஃபாரன்ஹீட், 70 சதவீத ஈரப்பதம் என்றால் உடம்புக்கு அது 105-ஐ ஒட்டித் தெரியும். ராத்திரியும் இறங்காது. கொல்வது பெரும்பாலும் அந்த ராத்திரிதான். உடம்புக்கு ஆறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. இப்போது வெயிலுக்கும் ஐந்து நிறத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது, 2024 முதல் நாடு முழுவதற்கும். வெறும் டிகிரியைப் பார்க்காமல், இந்த ஊருக்கு, இந்த மாதத்துக்கு இது எவ்வளவு அசாதாரணம், ராத்திரி ஆறுமா என்றெல்லாம் பார்த்து நிறம் கொடுக்கிறார்கள். நான் பார்த்தவற்றிலேயே புத்திசாலித்தனமான வானிலை வரைபடம் அது என்பேன்.

அது வருவதற்கு முந்தைய ஒரு கோடையில் ஒரு சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், ஆர்கன்சாஸில் ஒரு கிடங்கில் இருந்து போன் செய்தான். “எந்த டாக்கில் (சரக்கு இறக்கும் மேடையில்) விட வேண்டும்?” பதினேழு என்றேன். வைத்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் மறுபடி போன். எந்த டாக்? பதினேழுப்பா. மூன்றாவது முறை அதே கேள்வி வந்தபோது எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் பேச்சு கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது கவனத்தில் பட்டது. குடித்திருக்கிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். மூடிய டிரெய்லருக்குள் நின்று இரண்டு மணி நேரமாகப் பெட்டி தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். வியர்க்கிறதா என்று கேட்டேன். “இல்லை, இப்போது நின்றுவிட்டது, பரவாயில்லை” என்றான். அந்தப் ‘பரவாயில்லை’யைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. கிடங்கு அலுவலகத்துக்கு இன்னொரு போனில் அடித்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி, ஐஸ் தண்ணீரை அவன்மேல் ஊற்றச் சொன்னேன். பிழைத்துக்கொண்டான். இப்போது வேறெங்கோ வேலை பார்க்கிறான்.

அந்த ஊருக்கு வெயில் எச்சரிக்கை மூன்று நாளாகத் திரையில் இருந்தது. முதல் நாள் படித்தேன். மூன்றாவது நாள் கண்ணில் படவே இல்லை. புயலுக்குச் சதவீதம் உண்டு, வரும் வராது என்று இருக்கும். வெயிலுக்கு அது கிடையாது. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும், புள்ளியோ கோடோ, வந்தே தீரும். அதனால்தானோ என்னவோ அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது நான் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலி டிரெய்லர் என்றால் மஞ்சளுக்கே யோசிப்பேன். பதினொன்றரை, மூன்று, எட்டு, இந்த மூன்று நேரமும் அலாரம் வைத்து வரைபடம் பார்ப்பேன், லரேடோவில் எவன் கத்தினாலும் சரி.

போன ஜூலையில் மறுபடியும் பாஜி, மறுபடியும் இன்டர்ஸ்டேட் 80, மறுபடியும் காலி. மூன்று மணிக்கு ஆரஞ்சு. யார்க் ஊர் ட்ரக் ஸ்டாப்பில் ஒதுக்கி, ராத்திரி அங்கேயே நிற்கச் சொன்னேன். அவருக்கு இஷ்டமில்லை. “சோட்டே, மேலே வானம் பளிச்சென்று இருக்கிறது.” இருக்கட்டும் பாஜி, நில்லுங்கள் என்றேன். ஆறு மணிக்கு வாட்ச் வந்தது. எட்டு மணிக்குப் புயல் வரிசை உருவானது, அறுபது மைல் வடக்கே. நார்ஃபோக் பக்கம் மரங்களைச் சாய்த்துவிட்டு அப்படியே அயோவாவுக்குள் போய்விட்டது. யார்க்கில் ஒரு சொட்டு விழவில்லை.

ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ட்ரக்கின் முன்கண்ணாடிக்கு அப்பால் சுத்தமான வானம், டேஷ்போர்டில் டீ கிளாஸ். அடியில், ‘உன் புயல்’ என்று எழுதியிருந்தார். பத்து நிமிடம் கழித்து ஓமஹா வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல்: காலை லோடு தாமதமானால் அபராதம் எவ்வளவு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் ‘வானிலை’ என்று தட்டினேன். எந்த ஊரின் வானிலை என்று ஒரு துணைக்கேள்வி வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நார்ஃபோக்’ என்று போட்டேன்.